முழுகாமல் இருக்கிறா: கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்கள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற பெண்கள் சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



இந்த மண்டபத்தில் நின்று ஒலிவாங்கியில் கர்ப்பத்தைப் பற்றிப் பேசுவோம் என்று நாம் படித்த காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்போம். விஞ்ஞானப் புத்தகத்தில் மனித இனப்பெருக்கம் என்ற அலகு வந்ததும் வகுப்பில் ஒருவரும் தலை நிமிர்வதில்லை. தவளையின் வாழ்க்கை வட்டத்தை விளக்கமாகப் படித்த நாங்கள் எங்களுடையதை அரைமணி நேரத்தில் கடந்து போனோம். அந்தக் காலம் அப்படி. இன்று முன்வரிசையில் உயர்தர வகுப்பு மாணவிகள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய அம்மம்மாமார் இருக்கிறார்கள். ஒரே பேச்சை இரு தலைமுறையும் கேட்கவேண்டும் என்பதுதான் எமது விருப்பமும்.

எங்கள் ஊரில் ஒரு பெண் கர்ப்பமாக இருப்பதை "முழுகாமல் இருக்கிறா" என்று சொல்வார்கள். மாதவிலக்கு முடிந்ததும் கிணற்றடியில் தலை முழுகுவது வழக்கம். அந்த முழுக்கு நடக்காத மாதத்தில் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு விஷயம் விளங்கிவிடும். கர்ப்பத்தின் முதல் அறிகுறியையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறது எங்கள் பேச்சு. அந்த நாளில் மருமகள் வாய் திறக்காவிட்டாலும் கிணற்றடி சொல்லிவிடும். இன்று வீட்டுக்குள்ளேயே குளியலறை. கணவன் கொழும்பிலோ கட்டாரிலோ. பெண் சொன்னால்தான் உண்டு.

அவளோ சொல்வதில்லை. மூன்று மாதம் முடியுமட்டும் வெளியில் சொல்லக்கூடாது, கண்ணூறு படும், நாவூறு படும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த வழக்கத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. கரு கலைந்தால் ஊருக்கெல்லாம் பதில் சொல்லத் தேவையில்லை. ஆனால் எமது கிளினிக் அனுபவத்தில், ஊருக்குச் சொல்லாமல் விடுவது மெல்ல மெல்ல ஒருவருக்குமே சொல்லாமல் விடுவதாகப் போய்விடுகிறது. தாய்க்கும் தெரியாது, குடும்பநல உத்தியோகத்தருக்கும் தெரியாது, வேலைத்தலத்திலும் தெரியாது. ஒரு பெண்ணின் நிலைமை யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய மாதங்கள் என்றால் அவை இந்த மூன்றுதான். ஏன் என்பதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். கர்ப்பத்தை நாங்கள் எண்ணுவது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. ஆகவே நாள் தள்ளிப்போய் நாலைந்து நாள் பார்த்து, பாமசியில் கிற் வாங்கி இரண்டு கோடு கண்ட அன்றைக்கே கர்ப்பத்துக்கு ஏறத்தாழ ஐந்து வாரம். ஆறாவது வாரமளவில் குழந்தையின் மூளையும் முண்ணாணும் ஆகப்போகும் நரம்புக்குழாய் மூடி முடிந்துவிடும். இதயம் துடிக்கத் தொடங்குவதும் அந்த நாட்களில்தான். பன்னிரண்டாவது வாரத்தில் முதன்முதலாகக் கிளினிக்குக்கு வரும் தாய்க்கு நாங்கள் எந்தக் குளிசை கொடுத்தாலும், நடந்து முடிந்த அந்த வேலையைத் திருத்த முடியாது.

இப்போது விஷயத்தை அறிவது மிகச் சுலபம். எமது சங்கம் தொடங்கிய காலத்தில், 1920களின் கடைசியில், பேர்லினில் அஷ்ஹைம், சொண்டெக் என்ற இரு வைத்தியர்கள் ஒரு பரிசோதனையைக் கண்டுபிடித்தார்கள். பெண்ணின் சிறுநீரை எலிக்குஞ்சுகளுக்கு ஊசியாக ஏற்றி, சில நாள் கழித்து அவற்றை வெட்டிச் சூலகங்களைப் பார்ப்பார்கள். சூலகம் பருத்திருந்தால் அந்தப் பெண் கர்ப்பிணி. ஒரு பெண்ணின் கேள்விக்குப் பதில் சொல்ல ஐந்தாறு எலிகள் உயிரை விட்டன. பிறகு தவளைகளின் முறை வந்தது. வீட்டிலேயே பார்க்கக்கூடிய கிற் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1970களின் பிற்பகுதியில்தான். எல்லாம் தேடியது ஒன்றையே. கருவைச் சூழவுள்ள இழையம் சுரக்கும் ஓமோனைத்தான். இன்று அந்தக் கிற்றை ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் வாங்கலாம். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் பாருங்கள். ஒரு கோடு வந்து, மாதவிடாயும் வராவிட்டால் ஒரு கிழமை கழித்துத் திரும்பப் பாருங்கள். எலி இனி வேண்டியதில்லை.

அந்த நரம்புக்குழாய்க்குத் தேவைப்படுவது போலிக்கமிலம். அதன் கதையை இந்த மண்டபத்தில் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் அது ஒரு பெண் வைத்தியரின் கதை. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கடுமையான இரத்தச்சோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார், அதே உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், ஒன்றொன்றாகச் சேர்த்துக் குணப்படுத்த முயன்றார். கடைசியில் பலன் கொடுத்தது எங்கள் வீடுகளில் பாணில் பூசிச் சாப்பிடும் மாமைட்! 1931இல் அவர் அதை எழுதினார். மாமைட்டில் இருந்த அந்தப் பொருள் என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது. அது 1941இல் பசளிக்கீரை போன்ற ஓர் இலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லால் போலிக்கமிலம் என்று பெயர் பெற்றது. இடையில் 1934-35 மலேரியாக் காலத்தில் இலங்கையிலும் சூரியமல் இயக்கத்தவர்கள் நலிந்துபோன மக்களுக்கு மாமைட் கொடுத்தார்கள். பிறகு 1991இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, கருத்தரிக்கும் முன்பே இதை எடுக்கத் தொடங்கினால் முள்ளந்தண்டுக் குறைபாடுகள் பெருமளவு தவிர்க்கப்படும் என்று உறுதிப்படுத்தியது. முன்பே என்ற சொல்லைக் கவனியுங்கள். கலியாணம் முடிந்து பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே தொடங்கவேண்டிய குளிசை இது. இலங்கையில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை வாங்க யாருக்காவது சொல்லவேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

சரி, அறிகுறிகளுக்கு வருவோம்.

மாதவிடாய் நிற்பதற்கு முன்பே சிலருக்கு மார்பு கனக்கும், தொட்டால் நோகும். அதைவிடப் பலரும் சொல்வது களைப்பு. சும்மா களைப்பு அல்ல, பின்னேரம் நாலு மணிக்குக் கதிரையிலேயே தூங்கிவிழும் களைப்பு. புரோஜெஸ்தரோன் என்ற ஓமோன் உயர்வதும், உடம்பு புதிதாக ஒரு சூல்வித்தகத்தைக் கட்டிக்கொண்டிருப்பதும் இதற்குக் காரணம். வெளியே வயிறு தெரியாத காலத்தில்தான் உள்ளே இவ்வளவு கட்டட வேலையும் நடக்கிறது. ஆனால் வயிறு தெரிந்தபின்தான் பஸ்ஸில் எழும்பி இடம் கொடுப்பார்கள்! அடிக்கடி சிறுநீர் போவதும் இப்போதே தொடங்கும், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் கூடுவதால். அதற்காகத் தண்ணீரைக் குறைப்பவர்கள் எங்கள் ஆசிரியைகளும் வங்கியில் வேலை செய்யும் பிள்ளைகளும். தயவுசெய்து குறைக்காதீர்கள். எரிவு, காய்ச்சல், நாரி நோ சேர்ந்தால் அது கிருமித்தொற்று, உடனே பார்க்கவேண்டியது.

அடுத்தது மணம். நேற்று வரைக்கும் விரும்பிய மீன்குழம்பு இன்று வெடுக்கடிக்கும். வெங்காயம் தாளிக்கும் மணம் முற்றத்தைத் தாண்டி வந்து பிரட்டும். கணவன் பூசிய பவுடர் ஒத்துவராது. பிறகு ஓங்காளம், சத்தி. கர்ப்பிணிகளில் பத்தில் ஏழு எட்டுப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது உண்டு. பெரும்பாலும் ஆறாவது வாரமளவில் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தில் உச்சமடைந்து, பதினான்கு பதினாறு வாரத்தில் தணியும். காலை நோய் என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் ஆணாகத்தான் இருக்கவேண்டும், ஏனென்றால் அது மத்தியானமும் வரும், இரவும் வரும்.

இது ஏன் வருகிறது என்று நூறு வருடமாக ஏதேதோ சொன்னார்கள். பெண்ணுக்குப் பிள்ளையில் விருப்பமில்லை, மனம்தான் காரணம் என்றுகூட ஒரு காலத்தில் புத்தகத்தில் எழுதினார்கள். 2023 டிசம்பரில் வெளிவந்த ஓர் ஆய்வு விடையின் பெரும்பகுதியைச் சொல்லிவிட்டது. ஜி.டி.எவ்.15 என்ற ஓமோனைக் குழந்தையின் பக்கம் பெருமளவில் சுரக்கிறது, அது தாயின் மூளையில் போய் ஓங்காளத்தைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன் உடம்பில் இந்த ஓமோன் குறைவாக இருந்தவர்களுக்கு அது திடீரென ஏறும்போது தாங்கமுடிவதில்லை. இதில் இலங்கை ஆய்வாளர்களுக்கும் பங்குண்டு. தலசீமியா உள்ள பெண்களின் இரத்தத்தில் இந்த ஓமோன் எப்போதும் கூடவே இருக்கும், அவர்களுக்குக் கர்ப்பத்தில் சத்தி மிகக் குறைவு என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. ஆகவே மாமிமாரே, சத்தியெடுக்கும் மருமகள் செல்லம் கொட்டவில்லை. நாங்கள் பெற்றபோது இப்படியா கிடந்தோம் என்று கேட்கவேண்டாம். உங்களுக்கு அந்த ஓமோன் பழகியிருக்கலாம்.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு ஜேன் அயர் எழுதிய சார்லட் புரொன்ரேயைத் தெரியும். 1854 ஜூனில் கலியாணம் செய்து, 1855 மார்ச் 31இல் 38 வயதில் கர்ப்பிணியாகவே இறந்தார். சாப்பாடு தண்ணீர் எதுவும் வயிற்றில் நில்லாமல் போன இந்தக் கடும் சத்திதான் காரணம் என்று பலர் கருதுகிறார்கள். அன்று சேலைன் இல்லை. இன்று இருக்கிறது, ஆனால் ஏற்றுவதற்கு ஆள் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் கடும் மஞ்சளாகி எட்டு மணி நேரமாகப் போகவேயில்லை, எழும்பினால் கண் இருட்டுகிறது, நிறை இறங்குகிறது என்றால் "எல்லாருக்கும் வாறதுதானே" என்று இருக்கக்கூடாது.

குளிசைக்கு எங்கள் பெண்கள் பயப்படுவதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1957இல் ஜேர்மனியில் தலிடோமைட் என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் ஓங்காளத்துக்கும் கொடுத்தார்கள். 1961 முடிவில் அதை நிறுத்தும் முன் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கைகால் குறைபாடுகளோடு பிறந்தார்கள். அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி மறுத்து நின்றவர் பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அதன் பிறகுதான் கர்ப்பகால மருந்துகளை இவ்வளவு கவனமாகச் சோதிக்கிறார்கள். விற்றமின் பி6 முதல் இன்று நாங்கள் எழுதும் சத்தி மருந்துகள் பல பத்தாண்டுகளாக இலட்சக்கணக்கான தாய்மார் எடுத்தவை. கைமருந்து, அரிஷ்டம், கடையில் கேட்டு வாங்கும் குளிசை என்பவைதான் எமக்குப் பயம். இன்னொன்று, வலிப்புக்கோ பிரஷருக்கோ குளிசை எடுப்பவர்கள் கர்ப்பம் தெரிந்ததும் தாங்களாக நிறுத்தவும் கூடாது, பேசாமல் தொடரவும் கூடாது. சில மாற்றப்படவேண்டியவை. வலிப்புக் குளிசையைத் திடீரென நிறுத்தினால் தாயின் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே வந்து கேளுங்கள். மாரி காலத்தில் காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும் எடுத்து, டெங்குவா என்று இரத்தம் பாருங்கள். புரூபன், டைக்குளோபெனாக் வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது எங்கள் குசினியிலேயே இருக்கிறது. எழும்பும் முன் கட்டிலிலேயே ஒரு கிறீம் கிறாக்கர், பத்து நிமிடம் கழித்து மெதுவாக எழும்புதல். வயிறு வெறுமையாக இருந்தால் ஓங்காளம் கூடும், ஆகவே இரண்டு மணிக்கொருமுறை சிறிது சிறிது. இஞ்சி போட்ட பிளேன்ரீ சிலருக்கு உண்மையாகவே உதவும். மல்லித்தண்ணி, இளநீர், உப்புப் போட்ட கஞ்சி, ஆறிய இடியப்பம். ஆறிய சாப்பாட்டில் மணம் குறைவு என்பதால் அது இறங்கும். இருவருக்குச் சாப்பிடு என்று வற்புறுத்தவேண்டாம். முதல் மூன்று மாதத்தில் குழந்தை மிகச் சிறியது, அதற்குத் தேவையானது மிகக் கொஞ்சம். எதை வயிறு ஏற்கிறதோ அதைச் சாப்பிடட்டும், குரக்கனும் முருங்கையிலையும் நாலாம் மாதத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். மிக முக்கியமான உதவி வேறொன்று. அடுப்படியை வேறு யாராவது பொறுப்பெடுப்பது.

இவ்வளவும் சொல்லும் நாம் என்ன செய்தோம்? பயிற்சிக் காலத்தில் முழுகாமல் இருந்தபோது விடுதிச் சுற்றின் நடுவில் வெளியே ஓடிப்போய்ச் சத்தியெடுத்து, முகம் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து அடுத்த கட்டிலில் நின்றோம். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் "இதுக்குத்தான் பொம்பிளைப் பிள்ளையளை எடுக்கிறேல்லை" என்று யாரோ சொல்லிவிடுவார்கள் என்ற பயம். ஒரு நாள் இரவுக் கடமையில் தலைசுற்றி விழப்போனபோது பிடித்தவர் விடுதியின் சிற்றூழியர் ஒருவர். "எத்தினை மாசம் பிள்ளை?" என்று காதுக்குள் கேட்டார். அவருக்கு ஒரு கிழமையாகவே தெரியுமாம். அன்றிலிருந்து இரவில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் நாலு பிஸ்கட்டும் மேசையில் இருக்கும். கர்ப்பகால மருத்துவத்தைப் புத்தகத்தில் படித்திருந்த எமக்கு, ஒருவருக்குத் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவர்தான் காட்டினார்.

மற்றச் சில்லறைக் கரைச்சல்களை வேகமாகச் சொல்கிறோம். வாய் கைக்கும், உமிழ்நீர் ஊறிக்கொண்டே இருக்கும், தானாக நிற்கும். மலச்சிக்கல் வரும், தண்ணீரும் கீரையும் வாழைப்பழமும் உதவும். பன்னிரண்டு வாரத்துக்குப் பின் இரும்புக் குளிசை தொடங்கும்போது தேத்தண்ணியோடு விழுங்கவேண்டாம், தேத்தண்ணி இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கும் எங்கள் பழக்கத்தையும் ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். புளி மாங்காய் ஆசை பரவாயில்லை. பச்சையரிசி, வெண்கட்டி, மண், சாம்பல் தின்ன ஆசை வந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், அது பெரும்பாலும் இரத்தச்சோகையின் அடையாளம்.

இனிச் சொல்லப்போவதை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும்.

முதல் மூன்று மாதத்தில் நால்வரில் ஒருவருக்குச் சிறிதளவாவது இரத்தம் படும். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் கர்ப்பம் நன்றாகவே தொடரும். ஆகவே இரத்தம் கண்டதும் எல்லாம் முடிந்தது என்று அழவேண்டாம், ஆனால் பார்க்காமல் இருக்கவும் வேண்டாம். உங்கள் இரத்தவகை நெகற்றிவ் என்றால் அதைச் சொல்லுங்கள். ஊசி தேவையா என்று பார்க்கவேண்டும்.

சில வருடங்களுக்கு முன் வடமராட்சியிலிருந்து ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். கலியாணமாகி ஐந்து மாதம். நாள் தள்ளிப்போய் இரண்டு கிழமை. கிற்றில் பார்த்திருக்கிறாள், கணவனுக்கு மட்டும் சொல்லியிருக்கிறாள், அவர் வெளிநாட்டில். மூன்று மாதம் போகட்டும் என்று தொலைபேசியிலேயே இருவரும் முடிவெடுத்தார்கள். பிறகு அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்து. மாமி வாயுக்குத்து என்று உள்ளியும் பெருங்காயமும் கொடுத்தா. அவ மேல் பிழை இல்லை, அவவுக்குக் கர்ப்பம் என்றே தெரியாது. இரண்டாம் நாள் தோள்மூட்டில் நோ. மூன்றாம் நாள் காலை கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். வந்தபோது நாடி பிடிபடவில்லை. கரு கருப்பைக்குள் தங்காமல் பலோப்பியன் குழாயில் தங்கி, அந்தக் குழாய் வெடித்து வயிறு நிறைய இரத்தம். சத்திரசிகிச்சை செய்து, இரத்தம் ஏற்றி, தப்பினாள். இப்போது ஒரு பெண்பிள்ளையின் தாய். ஆனால் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் இந்தக் கதையை வேறு விதமாகச் சொல்லவேண்டி வந்திருக்கும்.

நூறு கர்ப்பங்களில் ஒன்று இரண்டு இப்படி இடம் மாறித் தங்கும். பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள், அதாவது யாருக்கும் சொல்லாத காலத்திலேயே, அது தன்னைக் காட்டும். ஒரு பக்க அடிவயிற்று நோ, சிறிதளவு கறுத்த இரத்தம், தோள்மூட்டு நோ, தலைச்சுற்று, மயக்கம். நாள் தள்ளிய ஒரு பெண்ணுக்கு இவற்றில் எது வந்தாலும் கைமருந்து பார்க்கவேண்டாம், விடியட்டும் என்று இருக்கவேண்டாம். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வாசலிலேயே "நாள் தள்ளியிருக்குது" என்ற சொல்லைச் சொல்லுங்கள். வயிற்றுக்குத்து என்று மட்டும் சொன்னால் வரிசையில் இருக்கவைப்பார்கள்.

கருச்சிதைவைப் பற்றியும் பேசவேண்டும். தெரிந்த கர்ப்பங்களில் ஏழு எட்டில் ஒன்று இப்படிப் போகிறது. இந்த மண்டபத்திலுள்ள கதிரைகளை எண்ணிப் பாருங்கள், எத்தனை பேர் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு இருக்கிறோம் என்பது விளங்கும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டு நடந்தபோது நாம் ஒன்பதாம் வகுப்பு. எங்களோடு நடந்த அயல்வீட்டு அக்கா ஒருவர் நாவற்குழிப் பக்கம் வரும்வரை வீதியோரம் குந்திக் குந்திச் சத்தியெடுத்தார். பசி என்று நினைத்தோம். தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தபோது, ஒரு கிழமைக்குள், அவருக்கு இரத்தம் போனது. பெரியவர்கள் சேலை மறைப்புக்குப் பின்னால் குசுகுசுத்தார்கள். நாம் வைத்தியராகி ஊருக்கு வந்த பிறகு அவர் ஒரு நாள் வந்தார், பிரஷர் பார்க்கவென்று. போகும்போது கதவடியில் நின்று கேட்டார்: "பிள்ளை, அண்டைக்கு அவ்வளவு தூரம் நடந்ததாலைதானோ அது கலைஞ்சது? நான் சொல்லியிருந்தால் மாட்டுவண்டியிலையாவது ஏத்தியிருப்பினம்." பதினைந்து வருடத்துக்கும் மேலாக அந்தக் கேள்வியைச் சுமந்திருந்தார்.

அவருக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறோம். ஆரம்பத்தில் கலையும் கர்ப்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை கருவின் நிறமூர்த்தங்களில் ஏற்பட்ட பிழையால் கலைபவை. அந்தப் பிழை கருத்தரித்த அன்றே நடந்தது. நடந்ததாலோ, மோட்டார்சைக்கிளில் போனதாலோ, வாளி தூக்கியதாலோ, அன்னாசியோ பழுத்த பப்பாசியோ ஒரு துண்டு தின்றதாலோ, யாரோ கண் பட்டதாலோ அல்ல. அவர் கதிரையில் திரும்ப வந்து இருந்து அழுதார். அன்றைக்கு மாட்டுவண்டி கிடைத்திருந்தால் கால் நோ குறைந்திருக்கும், அவ்வளவுதான் என்று சொன்னோம்.

யாருக்குச் சொல்வது? இந்த விஷயத்தில் இலங்கைப் பெண்கள் கொடுத்துவைத்தவர்கள். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு தொடங்கியதிலிருந்து வளர்ந்த ஒழுங்கு இது. ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் குடும்பநல உத்தியோகத்தர் படலையைத் திறந்துகொண்டு வீட்டுக்கே வருகிறார். எங்கள் அம்மாமார் அவரை மிட்வைவ் என்பார்கள். 1930களில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது முப்பது நாற்பது அளவில் நிற்கிறது. யாழ்ப்பாணத்துக்கு இதில் இன்னும் பழைய பெருமையும் உண்டு. மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்த டொக்டர் சாமுவேல் கிறீன் 1857இல் பிரசவ வைத்தியத்தைத் தமிழில் அச்சிட்டார். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென்றே இணுவிலில் 1898இல் மக்லியொட் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. உங்களில் எத்தனை பேர் "இணுவில் ஆஸ்பத்திரியிலை பிறந்தனான்" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம்!

எட்டு வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள் என்பதுதான் குடும்பநல உத்தியோகத்தர் கேட்பது. இரத்தவகை, இரத்தச்சோகை, சீனி, தொற்றுநோய்கள் எல்லாம் அப்போதே பார்க்கப்படும். எங்கள் குடாநாட்டில் சலரோகம் இல்லாத குடும்பம் எது, ஆகவே சீனி பார்ப்பதை முதல் மாதங்களிலேயே செய்வது நல்லது. அவர் விஷயத்தை ஊருக்குச் சொல்லமாட்டார். சொல்லக்கூடாது என்பது அவருடைய தொழில் விதி. கண்ணூறுக்குப் பயந்தவர்களும் அவருக்குச் சொல்லலாம்.

கடல் கடந்த தோழியருக்கு நிலைமை வேறு. இலண்டனில் பத்து வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்வார்கள், ஆனால் பன்னிரண்டாம் வார ஸ்கான் வரைக்கும் ஒருவரும் வீட்டுப்பக்கம் வரமாட்டார்கள். ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் அந்த ஆரம்ப வாரங்கள் தனிமையானவை என்று எழுதுகிறீர்கள். பனிக்குள் தனியே சத்தியெடுத்துக்கொண்டு இரவு இரண்டு மணிக்கு யாழ்ப்பாணத்திலுள்ள அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் அழைக்கும் பிள்ளைகளை எமக்குத் தெரியும். அழையுங்கள். ஆனால் அந்த அம்மாவால் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து அடிவயிற்று நோவைத் தீர்மானிக்க முடியாது. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒருவருக்கு, நண்பிக்கோ வேலைத்தலத்து அக்காவுக்கோ, இன்றைக்கே சொல்லி வையுங்கள். இங்கிலாந்தில் இருப்பவர்கள் தங்கள் ஆஸ்பத்திரியின் ஆரம்பகாலக் கர்ப்பப் பிரிவின் தொலைபேசி இலக்கத்தை முன்பே கேட்டு எழுதி வையுங்கள்.

பேச்சுக்கு முன் துண்டில் எழுதித் தந்த கேள்விகளில் இரண்டுக்கு மட்டும் நேரம் இருக்கிறது.

ஒருவர் கேட்கிறார், மகள் எட்டு வாரக் கர்ப்பிணி, தங்கையின் கலியாணத்துக்குச் சிட்னியிலிருந்து வரலாமா என்று. இதுவரை சிக்கலில்லாத கர்ப்பம் என்றால் விமானப் பயணம் கருவைக் கலைக்காது. ஆனால் ஏற முன் ஒரு ஸ்கான் செய்து கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டு வரட்டும். நீண்ட பயணத்தில் அடிக்கடி எழும்பி நடக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும். இங்கு வந்து இறங்கினால் நுளம்புக்கடி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலியாண வீட்டில் சமையல் கொட்டிலுக்குப் பக்கத்து அறையை மட்டும் அவளுக்குக் கொடுக்கவேண்டாம்.

மற்றத் துண்டில் பெயர் இல்லை. "எனக்கு ஒன்பதாவது வாரம். முந்தநாள் வரைக்கும் சத்தி. இப்ப திடீரென நின்றுவிட்டது. பிள்ளைக்கு ஏதுமோ?" என்று இருக்கிறது. பெரும்பாலும் ஒன்றுமில்லை, சத்தி நாளுக்கு நாள் ஏறி இறங்கும், சிலருக்கு முன்னதாகவே தணிந்துவிடும். ஆனால் இந்தக் கேள்வியோடு நாளை வரைக்கும் இருக்கவேண்டாம். கூட்டம் முடிந்ததும் நூலகத்துப் பக்கத்து அறையில் நாம் இருப்போம். கதவைத் தட்டிவிட்டு வாருங்கள், தங்கச்சி.